பிலிம் செல் பின்: பார்ப்பதும் படம் எடுப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டையில் குத்திக்கொள்ளும் உலோக பின். மேலே எனாமல் பூச்சில் ஒரு கதாபாத்திரம். பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு சன்னல். சன்னலுக்குள், தியேட்டரில் ஓட்டுவதற்காகப் போட்ட 35 மி.மீ. பிரிண்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டு பிலிம். சேகரிப்பவர்கள் இதைப் 'பிலிம் செல் பின்' என்கிறார்கள். டிஸ்னியின் 'பீஸ் ஆஃப் டிஸ்னி மூவீஸ்' வரிசைதான் இவற்றில் பலருக்கும் பழக்கமானது. அவற்றை எண்ணிக்கை வரையறுத்து விற்றார்கள். டிஸ்னி பூங்காக்களில் பின் மாற்றிக்கொள்ளும் வழக்கம் 1999 அக்டோபரில் தொடங்கி, பிறகு உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் பெருகினார்கள்.

என்னிடம் பதினேழு பின்கள் இருக்கின்றன. புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு தடவையும் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கையில் எடுத்துப் பார்த்தால் சன்னல் கறுப்பாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்.

தியேட்டர் பிரிண்ட் என்பது கடுமையான விளக்கு பின்னாலிருந்து அடிக்கும் என்று நம்பி அடர்த்தியாக அச்சிடப்பட்டது. ஆல்பத்தில் ஒட்டும் போட்டோவைப் போல முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதல்ல. மேசையில் வைத்தால் இரவுக் காட்சி மட்டுமல்ல, பட்டப்பகல் காட்சியும் கறுத்துத்தான் தெரியும்.

ஆபரேட்டர் அறைக்கு வெளியே பொறுக்கிய துண்டு பிலிமை அட்டைப் பெட்டியில் செருகி, பியூஸ் போன பல்புக்குள் தண்ணீர் ஊற்றி லென்ஸாக்கி, கண்ணாடிச் சில்லால் வெயிலைத் திருப்பி அப்பாவின் வேட்டியில் படம் ஓட்டிய தலைமுறைக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பின் வாங்கினாலும் செய்யப்போவது அதே வேலைதான், வெயிலை மட்டும் விட்டுவிட்டு.

செல் என்கிறார்கள், பிரேம் என்கிறார்கள். எது சரி?

பின்னுக்குள் இருப்பது பிரேம், அதாவது ஓடும் பிலிமில் ஒரு தனிப் படம். செல் அல்ல.

செல் என்பது கார்ட்டூன் படம் வரைந்த காலத்து ஒளிபுகும் தாள். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வண்ணம். அதைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துக் கேமராவில் படம் பிடிப்பார்கள். ஒரு செல் சாதாரணமாக ஓர் அடி அகலம் இருக்கும். பின்னுக்குள் எப்படி அடங்கும்? டிஸ்னியின் முக்கிய அனிமேஷன் ஸ்டுடியோவில் முழுநீளப் படத்துக்குக் கையால் செல்லில் வண்ணம் தீட்டியது 1989-இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்டு' வரைதான். மறு ஆண்டு 'தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்' வந்தபோது வண்ணம் தீட்டும் வேலை முழுவதும் கணினிக்குப் போய்விட்டது. ஆகவே 1990-க்குப் பிந்தைய டிஸ்னி படம் ஒன்றின் பின்னை 'கையால் வரைந்த செல் உள்ளது' என்று யாராவது விற்றால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

பேச்சு வழக்கில் 'செல்' என்று சொல்வதை இனி யாராலும் மாற்ற முடியாது. நானும் சொல்கிறேன். பணம் கொடுக்கும்போது மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரே வெளியீடு. நண்பருடைய பின்னில் நாயகியின் முகம், என்னுடையதில் வெறும் புல்வெளி. இது என்ன நியாயம்?

நியாயம் எதுவும் இல்லை, அதிர்ஷ்டம்தான். பிலிம் ஒரு வினாடிக்கு 24 பிரேம் ஓடும். ஓர் அடிக்கு 16 பிரேம். தொண்ணூறு நிமிடப் படத்தில் 1,29,600 பிரேம்கள் வரும். அதில் எழுத்து ஓடும் இடம், இருட்டு, வானம், புல்வெளி எல்லாம் அடக்கம். பின் செய்யும் இடத்தில் யாரும் உட்கார்ந்து உங்களுக்காகத் தேர்ந்தெடுப்பதில்லை. முகம் தெரியும் பிரேமுக்கு விலை ஏறுவதும் இதனால்தான்.

இதற்கு நேர்மாறான வியப்பும் உண்டு. கார்ட்டூனில் பல இடங்களில் ஒரே ஓவியத்தை அடுத்தடுத்து இரண்டு பிரேம்களுக்குப் படம் பிடிப்பார்கள். ஆகவே எங்கோ வேறொரு நாட்டில் இருப்பவருடைய பின்னும் உங்களுடையதும் கோட்டுக்குக் கோடு ஒன்றாக இருக்கலாம். 'டூப்ளிகேட்' என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

எந்த வெளிச்சத்தில் பார்த்தால் பிலிமுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு?

ஓவியம் நகலெடுப்பவர்கள் பயன்படுத்தும் எல்.இ.டி. பலகை இருக்கிறதே, மெல்லிய வெள்ளைத் தட்டுபோல, அதுவே போதும். சூடாகாது, வெளிச்சம் சீராகப் பரவும். அது இல்லாவிட்டால் வெயில் படும் வெள்ளைச் சுவருக்கு எதிரே பின்னைப் பிடித்துப் பாருங்கள். சுவரைப் பாருங்கள், வெயிலை அல்ல. கைபேசி டார்ச்சாக இருந்தால் இடையில் டிரேஸிங் பேப்பர் இரண்டு மடிப்பு வையுங்கள். வெறும் டார்ச்சைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. படமும் நடுவில் வெளுத்துத் தெரியும்.

பழைய குண்டு பல்பு, ஆலஜன் விளக்கு பக்கம் போகவே வேண்டாம். சூட்டில் பிலிம் வளையும். பின்னில் பிலிமைப் பிடித்திருக்கும் பசையும் இளகும். ஒருமுறை வளைந்தால் சன்னலின் மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு எண்ணெய்க் கறைபோல வானவில் வட்டங்கள் தோன்றும். வீட்டில் அதைச் சரிசெய்ய வழியில்லை.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: ஊசி. முன்னாலிருந்து பார்க்கும்போது ஊசி விளக்கின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கைபேசித் திரையின் மேல் பின்னை அப்படியே வைத்து, திரையில் நல்ல கீறல் ஒன்றை நான் சம்பாதித்திருக்கிறேன். பின்னைத் திருப்பி முதுகுப் பக்கமாகப் பார்க்க ஆசைப்பட்டால், ஊசி உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஊசி மேல் ரப்பர் மூடியை மாட்டிவிட்டு எடுங்கள். குழந்தைகள் கேட்டால் நீங்களே பிடித்துக் காட்டுங்கள்.

சூரிய கிரகணத்தை இந்தப் பிலிம் வழியாகப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கண்ணில் வைத்துக் கிரகணம் பார்த்த ஊர் நம்முடையது. கலர் பிலிமில் இருப்பது சாயம். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைக்கும். அகச்சிவப்புக் கதிரைப் பெரும்பாலும் விட்டுவிடும். கண் கூசாததால் அதிக நேரம் பார்ப்பீர்கள், விழித்திரை வெந்துபோகும்.

பூதக்கண்ணாடி எத்தனை மடங்கு வேண்டும்? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

எட்டு அல்லது பத்து மடங்கு. நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லூப் பத்து மடங்குதான். கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும். கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பின்னை மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள். கண்ணாடியைப் பின்னின் மேல் வைத்து அழுத்தாதீர்கள். மூடியில் விழும் கீறல்களில் பாதி இப்படி வருபவை.

முதலில் துகளைப் பாருங்கள். உண்மையான பிலிமில் நிறம் ஒழுங்கில்லாத மேகத் துணுக்குகளாகக் கலங்கியிருக்கும். அடுக்கி வைத்த புள்ளிகளாகத் தெரிந்தால் அது ஒளிபுகும் தாளில் மையால் அச்சடித்தது. போலி பின்களில் இதுதான் வழக்கம்.

அடுத்து கீறல். இதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கலர் பிரிண்டில் மேலடுக்கு மெஜந்தா சாயம், அதன் கீழ் சயான், அடியில் மஞ்சள். படப்பூச்சு உள்ள பக்கம் லேசாகக் கீறினால் மெஜந்தா மட்டும் போய்க் கோடு பச்சையாகத் தெரியும். இன்னும் ஆழமாகக் கீறினால் மஞ்சள். மூன்றும் போனால் வெள்ளை. பழைய தியேட்டரில் திரையில் மழை பெய்ததுபோல ஓடிய பச்சைக் கோடு நினைவிருக்கிறதா? அதுதான் இது. எதிர்ப்பக்கம், அதாவது வெறும் பிளாஸ்டிக் பக்கம் கீறினால் ஒளி சிதறிக் கோடு கறுப்பாகத் தெரியும். என் பின் ஒன்றில் பச்சைக் கோடு இருக்கிறது. குறை என்று சிலர் சொல்வார்கள். எந்த ஊர் இயந்திரத்திலோ ஓடிக் களைத்த பிலிம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்று நான் அதை விற்கவில்லை.

சன்னலின் ஓரம் பெரிதாக வெட்டியிருந்தால் பிலிம் ஓரத்துத் துளைகளும் ஒலி பதிந்த பட்டையும் எட்டிப் பார்க்கும். துளைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டங்கள், நடுவில் முத்திரையுடன் தெரிந்தால் அது டால்பி டிஜிட்டல் என்ற ஒலிமுறை. அந்தப் பிரிண்ட் 1992-க்கு முந்தியது அல்ல. படத்துக்கும் ஒலிக்கோட்டுக்கும் இடையில் விட்டுவிட்டு ஓடும் மெல்லிய கோடு டி.டி.எஸ். என்ற இன்னொரு ஒலிமுறை; அது 1993-இல் வந்தது.

பின்னுக்குப் பின்பக்கம் அடைத்திருக்கிறது. என்ன செய்ய?

முன்னாலிருந்து சாய்வாக விளக்கு வைத்துப் பார்க்க வேண்டியதுதான். உள்ளே வெள்ளைத் தாள் இருந்தால் ஒளி பட்டுத் திரும்பி ஓரளவு படம் தெரியும். உலோகத்தால் அடைத்திருந்தால் தெரிவது கொஞ்சம்தான். ஸ்க்ரூ டிரைவர் தேடாதீர்கள். திறந்த பின்னை வாங்குபவர் கிடையாது. நெம்பும்போது பிலிமின் ஓரம் கிழிந்து வருவதையும் பார்த்திருக்கிறேன்.

கைபேசியில் படம் எடுத்தால் சன்னல் வெள்ளையாகிவிடுகிறது, அல்லது பின் முழுக்க நிழலாகிவிடுகிறது. எப்படித்தான் எடுப்பது?

பெரும்பாலானவர்கள் கைவிடும் இடம் இது. காரணம் எளியது: சன்னலுக்குப் பின்னாலிருந்து ஒளி வேண்டும், எனாமலுக்கு முன்னாலிருந்து ஒளி வேண்டும். கண் இரண்டையும் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது. ஆகவே இரண்டு படம் எடுத்துச் சேர்ப்பதே நேர்வழி.

நான் செய்வதைச் சொல்கிறேன். கறுப்பு சார்ட் அட்டையில் சன்னலைவிட ஒரு நூல் சின்னதாக ஓட்டை, பக்கத்தில் ஊசி நுழைய இன்னொரு சிறு ஓட்டை. இரண்டு தீப்பெட்டிகளை எல்.இ.டி. பலகையின் மேல் நிறுத்தி, அவற்றின் மேல் அட்டையைப் பாலம்போல வைத்து, அதில் பின்னை உட்கார வைக்கிறேன். ஊசி கீழே தொங்கும், எதிலும் படாது. அட்டை இல்லாவிட்டால் பின்னைச் சுற்றிக் கசியும் வெளிச்சம் லென்ஸுக்குள் புகுந்து படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல ஆகிவிடும்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியை ஸ்டாண்டில் நேர் மேலே பொருத்துங்கள். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய தந்திரம்: பின் இருக்கும் இடத்தில் சிறு முகக்கண்ணாடியை வையுங்கள். திரையின் நடுவில் உங்கள் லென்ஸே தெரிந்தால் இணையாக இருக்கிறது. தள்ளித் தெரிந்தால் சாய்ந்திருக்கிறது.

முதல் படம்: கீழ் விளக்கு மட்டும். பிரேமில் வெளிச்சமான இடத்தை விரலால் தொட்டு, அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். இரண்டு வினாடி டைமர் வைத்து எடுங்கள். இரண்டாவது படம்: கீழ் விளக்கை அணைத்து, பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கை டிரேஸிங் பேப்பர் திரையிட்டு வையுங்கள். பின்னை அசைக்காமல் எனாமலுக்கு வெளிச்சம் சரிசெய்து எடுங்கள். பிறகு ஏதாவது ஒரு படத்திருத்தச் செயலியில் இரண்டாவதன் சன்னலை அழித்து, அடியில் முதல் படத்தை வைத்தால் முடிந்தது. முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆகும். பழகினால் பத்து நிமிடம்.

கைபேசியின் மேக்ரோ வசதியை நான் பயன்படுத்துவதில்லை. பல கைபேசிகளில் அது அகலக் கோண லென்ஸ்; இரண்டு மூன்று சென்டிமீட்டர் அருகில் போனால்தான் பெரிதாகத் தெரியும். அவ்வளவு அருகில் கைபேசியின் நிழலே பின்மேல் விழும், ஓரங்களும் வளையும். இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு?

1:1 மேக்ரோ லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 அல்லது எஃப்/11, ட்ரைபாட், ரா கோப்பு. பிலிம் எனாமல் பரப்பைவிடச் சற்று உள்ளே அமுங்கியிருக்கும், எஃப்/2.8-இல் ஒன்று கூர்மையானால் மற்றது மங்கும். எஃப்/16-க்கு மேல் போனால் மொத்தமும் மென்மையாகிவிடும். வெள்ளைச் சமன்பாட்டைப் பின்னை வைப்பதற்கு முன், வெறும் பலகையைப் பார்த்து அமைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் ஒன்றிரண்டு தடவை அடித்தால் பிலிமுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முன்னாலிருந்து அடித்தால் மூடியில் வெள்ளைப் பொட்டு விழும், வேறு பயனில்லை.

படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வருகிறது. வலைபோலவும் ஒன்று தெரிகிறது.

பட்டை, விளக்கு துடிப்பதால் வருவது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதில் எரியும் மலிவான விளக்கு வினாடிக்கு 100 தடவை மின்னும். ஷட்டரை 1/50 அல்லது 1/25 வினாடிக்கு வையுங்கள். பலகையின் வெளிச்சத்தைப் பொத்தானால் குறைத்திருந்தால் முழுசாகக் கூட்டிவிடுங்கள். பல பலகைகள் வேகமாக அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டுகின்றன.

வலை, கைபேசித் திரையையோ மடிக்கணினித் திரையையோ பின்விளக்காக வைத்ததால் வருவது. திரையின் புள்ளிகளும் பிலிமோடு சேர்ந்து பதிகின்றன. பின்னைத் திரையிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்த்துங்கள், நடுவில் டிரேஸிங் பேப்பர் வையுங்கள். போய்விடும்.

மூடியில் என் முகமும் மின்விசிறியும் தெரிகின்றன.

மின்விசிறியை நிறுத்துங்கள், படம் ஆடாமலும் இருக்கும். கைபேசியின் முன்னால் கறுப்பு அட்டை ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டுங்கள். பளபளக்கும் உலோகம் எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரில் கறுப்பு இருந்தால் கறுப்பைக் காட்டும்.

என் பிரேமில் எல்லோரும் ஒல்லியாக, நீளமாக இருக்கிறார்கள். அச்சுப் பிழையா?

சினிமாஸ்கோப். அகலமான காட்சியை லென்ஸால் பக்கவாட்டில் பாதியாக நசுக்கிப் பிலிமில் அடக்குவார்கள்; தியேட்டர் லென்ஸ் அதை மறுபடி விரிக்கும். கார்ட்டூனில் முழுநீள சினிமாஸ்கோப் படம் முதலில் எடுத்தது டிஸ்னி, 1955-இல் வந்த 'லேடி அண்ட் தி ட்ராம்ப்'. கணினியில் அகலத்தை மட்டும் இரண்டு மடங்காக்கினால் உருவங்கள் இயல்புக்கு வரும். விற்பதற்குப் போடும் படத்தில் நசுங்கியதையே காட்டுங்கள். விரித்ததை இரண்டாவதாகச் சேருங்கள்.

நிறம் முழுக்கச் சிவந்துவிட்டது. வெயிலில் கெட்டதா?

வெயில் காரணமாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் வயது. எண்பதுகளின் தொடக்கத்துக்கு முந்தைய ஈஸ்ட்மேன்கலர் (கோடாக்கின் கலர் பிலிம்) பிரிண்டுகளில் சயான் சாயம் இருட்டில் பூட்டி வைத்தாலும் வெளுத்துவிடும், மஞ்சளும் குறையும், மிஞ்சுவது மெஜந்தா. பிறகுதான் நிறம் நிற்கும் பிலிம் வந்தது. அதற்கும் முந்திய டெக்னிகலர் சாய அச்சு பிரிண்டுகள் மட்டும் இன்றும் புதிதுபோல இருக்கின்றன. அந்த முறையை ஹாலிவுட் 1974-ஓடு நிறுத்திவிட்டது, தொண்ணூறுகளின் இறுதியில் சில ஆண்டுகள் மட்டும் திரும்பவும் செய்து பார்த்தார்கள்.

புகைப்படத்தில் நிறத்தைத் திருத்தலாம், உங்கள் ஆசைக்கு. விற்பனைப் படத்தில் திருத்தக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

எப்படித் துடைப்பது?

காற்றுப் பந்து. ரப்பர் பந்தை அழுத்தித் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். மூடி இருந்தால் அதன் மேல் காய்ந்த மைக்ரோஃபைபர் துணி. மூடியில்லாமல் பிலிம் வெளியே தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம்: படப்பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் ஊறும், விரல் ரேகை அதில் நிரந்தரமாகப் பதியும். கண்ணாடி துடைக்கும் திரவம், சானிட்டைசர் எதுவும் கூடாது. பிளாஸ்டிக் மூடியே பூத்துப்போகும்.

பழைய பிலிம் தீப்பற்றும் என்கிறார்கள். என் 'ஸ்னோ ஒயிட்' பின் வெடிக்குமா?

பயப்பட வேண்டாம், ஆனால் பயத்துக்குக் காரணம் உண்டு. முப்பத்தைந்து மி.மீ. பிலிம் நெடுங்காலம் நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பற்றும் பொருளில்தான் செய்யப்பட்டது. பற்றினால் தண்ணீருக்கடியிலும் எரியும். கோடாக் அதைச் செய்வதை ஐம்பதுகளின் தொடக்கத்தில் நிறுத்தியது. 'ஸ்னோ ஒயிட்' வந்தது 1937. ஆனால் அது 1944, 1952, 1958, 1967, 1975, 1983, 1987, 1993 என்று திரும்பத் திரும்பத் தியேட்டருக்கு வந்தது; ஒவ்வொரு தடவையும் புதுப் பிரிண்டுகள் போட்டார்கள். படத்தின் வயது வேறு, பிரிண்டின் வயது வேறு. கடையில் விற்ற பின்னுக்குள் நைட்ரேட் இருக்க வாய்ப்பில்லை. யாரோ பெட்டியோடு கொடுத்த பழைய துண்டுகள் உங்களிடம் இருந்தால் கதை வேறு. ஓரத்தில் 'நைட்ரேட்' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். சந்தேகமாக இருந்தால் விளக்கருகே கொண்டுபோகாமல், காற்றுப் புகும் பெட்டியில் போட்டு ஓர் ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். தீக்குச்சி வைத்துச் சோதித்துப் பார்க்கும் வீரம் வேண்டாம்.

நைட்ரேட்டுக்குப் பிறகு வந்த அசிட்டேட் பிலிம் எரிந்து பாயாது, புளிக்கும். பின்னை மூக்கருகே கொண்டுபோனால் வினிகர் வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த அமில ஆவி பக்கத்திலிருக்கும் மற்ற பிலிமையும் கெடுக்கும், பின்னின் உலோகத்தையும் அரிக்கும். உடனே தனியாக வையுங்கள். தொண்ணூறுகளுக்குப் பின் வந்த தியேட்டர் பிரிண்டுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். இந்தக் கவலை கிடையாது.

எது எதுவென்று அறிய வீட்டிலேயே ஒரு சோதனை: மடிக்கணினியின் எல்.சி.டி. திரையை வெள்ளையாக்கி, துண்டு பிலிமை அதன் முன் பிடித்து, போலராய்ட் குளிர்கண்ணாடி வழியாகப் பாருங்கள். கண்ணாடியைத் திருப்பத் திருப்ப வானவில் நிறங்கள் தெரிந்தால் பாலியெஸ்டர், அசிட்டேட்டில் தெரியாது. பின்னுக்கு இது அவ்வளவு நம்பகமில்லை, மூடியின் பிளாஸ்டிக்கே வானவில் காட்டும்.

சுவரில் மாட்டி வைக்கலாமா?

ஒரு கணக்குச் சொல்கிறேன். தினம் நான்கு காட்சி, நூறு நாள் ஓடிய படம் என்று வைத்துக்கொள்வோம். நானூறு தடவை ஓடியும், ஒவ்வொரு தடவையும் ஒரு பிரேம் விளக்கின் முன் நிற்பது வினாடியில் 24-இல் ஒரு பங்கு. நூறு நாளும் சேர்த்து 17 வினாடிதான். விளக்கு கடுமையானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சன்னலோரச் சுவரில் மாட்டினால் நாள் முழுக்க, வருடம் முழுக்க அல்லவா வெளிச்சம்? சாயம் வாங்கிய வெளிச்சத்தையெல்லாம் கூட்டிக் கணக்கு வைத்துக்கொள்ளும், இரவில் ஓய்வு கொடுத்தால் மறந்துவிடாது.

நான் பெட்டியில் வைத்து, பார்க்கும்போது எடுக்கிறேன். மாட்டியே தீர வேண்டும் என்றால் வெயில் எட்டாத உள்சுவரில், மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டுங்கள். புது மழைக்கோட்டு வாசனை வரும் மென்மையான பி.வி.சி. உறையில் போடாதீர்கள், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை எனாமலையும் மூடியையும் பிசுபிசுக்க வைக்கும். பாலிப்ரோப்பிலீன் உறை நல்லது. கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து. பூஞ்சை தின்ற இடத்தில் படம் சிலந்தி வலைபோலக் கிளைவிட்டு மறையும். கார் டாஷ்போர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

எடுத்த படத்தை இணையத்தில் போடலாமா?

பிலிம் துண்டு உங்களுடையது, அதிலிருக்கும் படத்தின் உரிமை தயாரித்தவருடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, ஒரு திரைப்படத்தின் ஏதாவது ஒரு பிம்பத்தைப் புகைப்படம் எடுப்பதையே 'பிரதி எடுத்தல்' கணக்கில் சேர்க்கிறது. சொந்த உபயோகத்துக்கு விலக்கு உண்டு. பின்னோடு சேர்த்து எடுத்த படத்தைச் சேகரிப்பாளர்கள் பகிர்ந்துகொள்வது எங்கும் நடக்கிறது. பிரேமை மட்டும் பெரிதாக்கி டி-சர்ட்டில் அச்சடித்து விற்றால் வக்கீல் நோட்டீஸ் வரக்கூடும்.

விற்கும்போது எத்தனை படம் போட வேண்டும்?

நான்கு. முன்பக்கம் சாதாரண வெளிச்சத்தில், சன்னல் கறுப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. பின்விளக்கில் பிரேம் மட்டும். முதுகுப் பக்கம், முத்திரையும் எண்ணிக்கையும் படிக்கும்படி. கடைசியாக, கீறல் இருந்தால் அதன் கிட்டப் படம். சேர்த்து ஒட்டிய அழகான படம் ஐந்தாவதாக இருக்கட்டும், 'இரண்டு படம் சேர்த்தது' என்ற குறிப்போடு.

ஜப்பானில் ஜிப்லி அருங்காட்சியகத்தில் தந்த பிலிம் டிக்கெட்டுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், இன்னும் எளிது. மிடாகாவில் 2001-இல் திறந்த அந்த இடத்தில் நுழைவுச்சீட்டாகவே 35 மி.மீ. துண்டு ஒன்றை அட்டையில் பொதிந்து கொடுத்து வந்திருக்கிறார்கள். ஊசி இல்லை, உலோகம் இல்லை, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ஆகவே இரண்டு படம் எடுத்துச் சேர்க்கும் வேலை மிச்சம். அட்டையிலிருந்து பிலிமை உருவிப் பார்க்காதீர்கள். பின்விளக்கில் வையுங்கள், லூப்பை எடுங்கள்.